பதினோரு தடவை சாத்திப் பார்த்த கதவு

லிஃப்ட் ஆய்வாளர் அந்தக் காரைச் சோதித்துப் பார்க்காமல் வாங்கினார் என்று யாரும் குறை சொல்ல முடியாது. முழுசாக முக்கால் மணி நேரம் சோதித்தார். நான்கு கதவுகளையும் மாற்றி மாற்றித் திறந்து சாத்தினார். உள்ளே உட்கார்ந்து, கையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் தளும்புகிறதா என்று கவனித்தார். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும் என்று கதவோரத் தகட்டைப் படித்தார். உள்விளக்கு எரிகிறதா, ஆபத்துக்கு அழுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்த்தார். கடைசியாகப் பாக்கெட்டிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, வண்டி தரைக்குச் சமமாக நிற்கிறதா என்று வைத்துப் பார்த்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. மனிதர் சொக்கிப் போனார்.

பானட்டை மட்டும் திறந்து பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவருக்கு அது தோன்றவே இல்லை. லிஃப்டுக்கு ஏது பானட்?

விற்றவர் ஒரு பல் டாக்டர். காரும் லேசுப்பட்ட கார் இல்லை. எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ, ஐந்நூறு குதிரைச் சக்தி. பெரிய முதலாளிகள் சாய்ந்துகொண்டு போவதற்கென்றே செய்த ஜாதி. புதிதாக வாங்குகிற காசுக்கு ஒரு வீட்டையே வாங்கிவிடலாம். ஒன்பது வருடம் ஓடிவிட்டதால், அந்த வீட்டின் மாடிப்படியை மட்டும் வாங்குகிற விலைக்குக் கிடைத்தது. இவ்வளவு சல்லிசாக ஏன் தருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாம் அந்தக் கதவு செய்த மாயம். பாதி சாத்திவிட்டுக் கையை எடுத்தால் போதும். மீதியைத் தானே இழுத்து, சத்தம் காட்டாமல் மூடிக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் இடிக்கிற கதவு, கிறீச்சிடுகிற கதவு, ஆளைப் பாதியில் கவ்விக்கொள்கிற கதவு என்று பார்த்து அலுத்தவர் அவர். அப்படி ஒரு கதவு தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கதவோடு சேர்ந்து காரும் வந்துவிட்டது.

கார் வீட்டுக்கு வந்தபோது அவருடைய மனைவி வாசலில் நின்று, அதன் மூக்கிலிருந்து வால் வரை ஒரு நடை நடந்து பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாக மற்றவர்களுடைய முதுகையும் முழங்காலையும் நிமிர்த்தி நிமிர்த்தித் தன் முதுகு வளைந்ததுதான் மிச்சம். வீட்டோடு ஒட்டியிருந்த பெரிய கார் ஷெட்டில் சொந்தமாக ஒரு சிகிச்சை அறை வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கனவு. முன்பு குடியிருந்தவர் அதில் ஒரு சின்ன லாரியை நிறுத்தியிருந்தாராம், அத்தனை இடம். கட்டில் எங்கே, திரை எங்கே, நாற்காலிகள் எங்கே என்று சாக்கட்டியால் தரையில் கோடே போட்டு வைத்திருந்தாள். அந்தக் கோடுகளின்மேல்தான் கார் வந்து நின்றது.

“என்னங்க இது?”

“ஆறே மாசம். ஆசை தீர ஓட்டிட்டு வித்துடுறேன். ஷெட்டு உனக்குத்தான்.”

“எழுதிக் குடுங்க.”

“நான் வாயால சொன்னா பத்தாதா?”

“உங்க வாயைப் பத்தி எனக்குத் தெரியும். கையெழுத்தைத்தான் ஊரே நம்புது. அதைப் போடுங்க.”

அது உண்மைதான். அவர் கையெழுத்துக்கு அப்படி ஒரு பேர். மிரட்டினாலும் கெஞ்சினாலும் சரியில்லாத லிஃப்டுக்கு அது விழாது. ஒரு தடவை அவருடைய மேலதிகாரியே ஒன்பது மாடி ஏறி வந்து கேட்டுப் பார்த்தார்; கையெழுத்து கிடைக்காமல் ஒன்பது மாடியும் படியில் இறங்கிப் போனார். அப்பேர்ப்பட்ட கையெழுத்தை ஒரு தாளில் போட்டு, ஆறு மாதம் கழித்து வருகிற திங்கட்கிழமையின் தேதியையும் எழுதிக் கொடுத்தார். மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில், அந்தத் தேதிக்குள் வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

முதல் மாதம் தேனும் பாலுமாகப் போனது. பெட்ரோல் பங்க் பையன்கள் இவரைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டார். இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்து டாங்கை நிரப்புகிறவரைக் கண்டால் யாருக்குத்தான் மரியாதை வராது?

இரண்டாவது மாதம் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அழகாகத்தான் இருந்தது. மறுவாரம் அதற்குத் துணையாக ஒரு சிவப்பு விளக்கு வந்தது. காரை மெக்கானிக்கிடம் கொண்டு போனார். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொள்கிற பழக்கம் அந்த மெக்கானிக்குக்கு. இரண்டு மூன்று தடவை போனதிலேயே ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: துடைக்கிற நேரம் கூடக்கூடச் செலவும் கூடும். ஒரு விரலைத் துடைத்தால் பல்பு. ஒரு கையைத் துடைத்தால் சென்சார். இரண்டு கையையும் துடைத்தால் ரேடியேட்டர். ஒரு நாள் இரண்டு கையையும் துடைத்து, கழுத்தையும் துடைத்து, துணியை உதறி மடித்து வைத்துவிட்டு மெக்கானிக் நிமிர்ந்தபோது ஆய்வாளர் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“டர்போ சார்.”

“ஒண்ணா?”

“ரெண்டும்.”

“ரெண்டும் ஒரே நேரத்துலயா போகும்?”

“ஜோடியா வாழ்ந்தது சார், ஜோடியா போயிடுச்சு. சாமான் கடல் தாண்டி வரணும்.”

சாமான் கடல் தாண்டி வந்தது. அது வருகிற வழியிலேயே அவருடைய சேமிப்பு எதிர்த் திசையில் கடல் தாண்டிப் போய்விட்டது. நாலு டயர் மாற்றிய காசுக்கு மனைவியுடைய பழைய சின்னக் காரைப் போல இன்னொன்று வாங்கியிருக்கலாம். அந்தச் சின்னக் காரோ தெருவோரம் வெயிலில் நின்றபடி, ஒரு நாளும் முணுமுணுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் வணக்கம் வைக்கவில்லை.

பிறகு கார் உட்காரத் தொடங்கியது. அதன் நான்கு சக்கரத்துக்கும் மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். மெத்தையில் போவது போலப் போவதற்கு அதுதான் காரணம். அந்தப் பைகளில் எங்கேயோ காற்று கசிந்தது. சாயங்காலம் நிமிர்ந்து நிற்கிற கார் காலையில் இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். எட்டாவது படிக்கிற மகளுக்கு இது பெரிய வேடிக்கை. ஷெட்டின் சுவரில் அவளுடைய உயரத்தை வருடா வருடம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்கள். அவள் அதற்குப் பக்கத்திலேயே காருக்கும் ஒரு கோடு போட ஆரம்பித்தாள். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாள்; அப்பா பெண்ணாயிற்றே. அவள் கோடுகள் மேலே ஏறின, கார் கோடுகள் கீழே இறங்கின.

இத்தனையையும் மனைவி வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டாள். பொறுமை உடைந்தது ஆஸ்பத்திரியின் வழியனுப்பு விழா அன்று. பதினாறு வருட சேவைக்காக அவளுக்கு ஒரு கேடயம் கொடுக்கப் போகிறார்கள். “இன்னைக்காவது ராணி மாதிரி போய் இறங்கு” என்று ஆய்வாளர் வற்புறுத்திக் காரில் ஏற்றினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேம்பாலத்தின் உச்சியில் கார் நின்றது. நின்றதோடு விட்டிருக்கலாம். நான்கு கண்ணாடிகளையும் தானாகவே கீழே இறக்கிவிட்டு உயிரை விட்டது. அவள் தொப்பலாக நனைந்து, இழுவை வண்டியில் டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் உட்கார்ந்து விழாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். மேடையில் எடுத்த புகைப்படத்தில் கேடயத்திலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியபடி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“இனிமே செத்தாலும் இந்தக் கார்ல ஏற மாட்டேன்.”

ஆய்வாளருக்கு அன்றைக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். திங்கட்கிழமைக்கு மூன்று வாரம்தான் பாக்கி இருந்தது. புதுக் கட்டிலுக்கும் கழுத்தை இழுக்கிற கருவிக்கும் மனைவி முன்பணம் கட்டியாகிவிட்டது. முதல் நாளுக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்தும் இருந்தார்கள். அன்றைக்குள் ஷெட் காலியாகாவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை, இடமும் இல்லை.

விற்பதில்தான் சிக்கல். காரைத் தள்ளிவிட வேண்டுமானால் கொஞ்சம் பூசி மெழுகத் தெரிய வேண்டும். அவருக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது. வாங்க வருகிறவர் ஏமாந்துவிடக் கூடாதே என்று, அலுவலகத்து லிஃப்ட் சோதனைப் படிவம் ஒன்றை எடுத்து, ‘லிஃப்ட்’ என்பதை அடித்துவிட்டுக் ‘கார்’ என்று எழுதி, நான்கு பக்கம் நிரப்பினார். ‘எத்தனை மாடி செல்லும்’ என்ற இடத்தில் ‘மேம்பாலம் வரை’ என்று எழுதினார். குறைகள் என்ற தலைப்பின் கீழ் வரிசையாக முப்பத்தோரு குறைகள். கடைசியில் ‘பயன்பாட்டுக்குத் தகுதியானதா?’ என்ற கேள்விக்கு முன்னால் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலில் வந்தவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். காரைச் சுற்றிவந்து மீசையை முறுக்கினார். நான்காவது பக்கத்தைப் படித்து முடித்தபோது மீசை தொங்கிவிட்டது. அடுத்து வந்த துணிக்கடை முதலாளி இரண்டாவது பக்கத்தைத் தாண்டவில்லை. மூன்றாவதாக வந்த இளஞ்ஜோடி காருக்கு முன்னால் நின்று இருபது படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனது.

மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “உங்க கையெழுத்துக்கு ஒரு வாரம் லீவு குடுக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அவளுடைய அண்ணன் வீடு, மனை வாங்கி விற்கிற தரகர். ஜன்னல் இல்லாத அறையைக் ‘குளுகுளு அறை’ என்று சொல்லி விற்றவர். சனிக்கிழமை காலை ஒரு ஓட்டல் முதலாளியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் ஆய்வாளரைத் தனியே இழுத்தார்.

“மாப்ள, நீங்க ஒண்ணுமே பேச வேணாம். நான் பாத்துக்கறேன். அந்தப் பாழாப்போன படிவம் எங்க?”

“சட்டைப் பைல இருக்கு மச்சான்.”

“அங்கயே இருக்கட்டும். வாயையும் அதே மாதிரி மூடி வைங்க.”

அன்றைக்குப் பார்த்து கார் அப்படி ஒரு ஓட்டம் ஓடியது. ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு முனகல் இல்லை. ஓட்டல் முதலாளி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து கீழே இறங்கியபோது முகமெல்லாம் பல். கதவைப் பாதி சாத்தினார். அது மீதியைத் தானே சாத்திக்கொண்டது. மறுபடியும் திறந்து, மறுபடியும் சாத்தினார். அந்த முகத்தை ஆய்வாளருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடியில் பார்த்த முகம் அது.

“எப்படி, வண்டி கல்லு மாதிரி இருக்கும்ல?” என்று ஓட்டல் முதலாளி கேட்டார்.

“கல்லா? மலைன்னு சொல்லுங்க” என்றார் மச்சான். “சார் ஆபீசரு. அவர் கையில இருந்த வண்டி. தெனமும் துடைச்சு வைப்பாரு.”

“எம் பொண்ணு காலேஜ் போக வரத்தான் வாங்கறேன். தனியாத்தான் ஓட்டிட்டுப் போவா. அதான் கேக்கறேன்.”

ஆய்வாளருக்கு மேம்பாலமும் மழையும் ஞாபகம் வந்தன. மச்சான் கண்ணால் ஜாடை காட்டினார். மனைவி ஜன்னலுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுக்காகவாவது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்தார். பலிக்கவில்லை.

“முப்பத்தொண்ணு” என்றார்.

“என்ன சார் முப்பத்தொண்ணு?”

கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ஓட்டல் முதலாளி நின்றபடியே நான்கு பக்கமும் படித்தார். படித்து முடித்து, ஆய்வாளரின் கையைப் பிடித்துக் கண் கலங்க நன்றி சொன்னார். பிறகு தரகரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

“இந்த மனுஷனோட நீ எப்படிம்மா குடும்பம் நடத்தற?” என்று மச்சான் தங்கையிடம் கேட்டார். அவள் உள்ளே போய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்த்தபடி நின்றாள். திட்டியிருந்தால்கூட ஆய்வாளருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போட்ட கூச்சலில் வீடே எழுந்து ஓடியது. கார் முழுசாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. வயிறு சிமெண்டைத் தொட்டது. சுவரில் கோடு போடவே இனி இடமில்லை. சாவியைத் திருகினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. பொத்தானில் இயங்கும் ஹேண்ட் பிரேக் பிடித்தது பிடித்தபடி இருந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தார்கள். தள்ளினாலும் வராது, இழுத்தாலும் வராது, பாரந்தூக்கி வைத்த தட்டு லாரி வந்துதான் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றார் அவர். தட்டு லாரிக்காரரோ செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கட்டில் வந்தது. தூக்கி வந்தவர்கள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “எங்கம்மா எறக்கறது?” என்று கேட்டார்கள். அவள் காருக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த பாதி இடத்தைக் காட்டினாள். கட்டிலையும் கருவியையும் போட்டு, நடுவில் திரையை இழுத்ததும் இடம் தீர்ந்துவிட்டது. நோயாளிகள் உட்காரப் போட வேண்டிய நான்கு நாற்காலிகள் வெயிலில் நின்றன.

ஆய்வாளர் அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தார். மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். அழுகை வரும்போல இருந்தது.

“இருபத்திரண்டு வருஷத்துல மொதத் தடவையா என் கையெழுத்து பொய்யாயிடுச்சு. அதுவும் உங்கிட்ட. என்ன மன்னிச்சுடு.”

“தள்ளி நில்லுங்க, ஆள் வர்றாங்க” என்றாள் அவள்.

முதல் நோயாளி கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடுப்பில் கையை ஊன்றி, நத்தை போல நகர்ந்து வந்தார். ஷெட் வாசலுக்கு வந்ததும் காரைப் பார்த்தார். பிறகு ஆய்வாளரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர் பல் டாக்டர்.

திரும்பி ஓடத்தான் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

“டாக்டர்! ஓடாதீங்க, ஓட முடியாது” என்றார் ஆய்வாளர். “ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்” என்றார் டாக்டர். வலியில் பொய் சொல்லவும் தெம்பில்லை போலிருக்கிறது. “நீங்க எதாவது கேட்டா சொல்லலாம்னு முக்கால் மணி நேரம் காத்துட்டிருந்தேன். நீங்க கேக்கவே இல்ல. பதினோரு தடவ கதவச் சாத்திச் சாத்திப் பாத்தீங்க. நானும் எண்ணிட்டே இருந்தேன். பல்லு பாக்க வர்றவங்க யாரும் வாசல் கதவப் பாத்துட்டுப் போறதில்ல சார்.”

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. கோபப்பட நினைத்தார், ஆனால் சிரிப்புதான் வந்தது. டாக்டர் நிற்க முடியாமல் தள்ளாடினார். நாற்காலிகள் தூரத்தில் வெயிலில் இருந்தன. ஆய்வாளர் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

“உக்காருங்க. நின்னா இன்னும் புடிச்சுக்கும்.”

டாக்டர் தயங்கி, தாழ்வாகக் கிடந்த இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். பழைய பழக்கத்தில் விரல் தானாகப் பக்கவாட்டுக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தியது. இருக்கை ‘ம்ம்ம்’ என்று உறுமி, முதுகுக்குப் பின்னால் உருளைகளை உருட்ட ஆரம்பித்தது. லேசாகச் சூடும் ஏறியது. முப்பத்தோரு குறை உள்ள அந்தக் காரில் ஒரு நாளும் பழுதாகாதது ஒன்று இருந்தது என்றால், அது இந்த இருக்கைதான். நான்கு இருக்கைக்கும் அந்த வசதி இருந்தது.

“ஆஹா” என்றார் டாக்டர். கண் செருகியது. “நாள் பூரா குனிஞ்சே நிக்கற பொழப்பு. சாயந்தரம் இதுல பத்து நிமிஷம் உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குள்ள போவேன். வித்த அடுத்த மாசமே இடுப்பு போயிடுச்சு. சார், இந்த சீட்ட மட்டும் கழட்டிக் குடுக்கறீங்களா? நீங்க குடுத்த காசுல பாதிய திருப்பிக் குடுத்துடறேன்.”

ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள், “குடுக்க மாட்டோம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மனைவி திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். டாக்டரின் தோளைப் பார்த்தாள். வாசலில் வரும்போது காதுவரை ஏறியிருந்த தோள், இப்போது இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கியிருந்தது. விறைத்துக்கொண்டு வருகிற நோயாளியின் சதையைத் தளர்த்தவே அவளுக்கு ஆஸ்பத்திரியில் முதல் கால் மணி நேரம் போய்விடும். அவள் கண் காரின் நான்கு கதவுகள்மேல் போய்ப் போய் வந்தது.

“இது வைத்தியம் இல்ல டாக்டர். இது எங்க காத்திருக்கற அறை” என்றாள். “பத்து நிமிஷம் ஆச்சு, உள்ள வாங்க. என்னங்க, அடுத்தவங்கள உக்கார வைங்க. பின்சீட்லயும் ரெண்டு பேர் உக்காரலாம்.”

பதினோரு மணிக்குள் கார் நிரம்பிவிட்டது. பின்சீட்டில் முழங்கால் வலிக்காரப் பெரியம்மா ஒருவர், அவருக்குத் துணையாக வந்த மருமகள். முன்சீட்டில் தோள்பட்டை இறங்கிய தபால்காரர். மெக்கானிக்கூட வந்தார், இந்தக் காருக்கு அடியில் படுத்துப் படுத்தே அவருக்கு முதுகு போயிருந்தது. காருக்கு மேலே உட்காருவது இதுதான் முதல் தடவை என்று சொல்லி, ஏறுவதற்கு முன்னால் மறக்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். ஆய்வாளர் பேட்டரி இறங்காமல் இருக்கச் சார்ஜரைச் சுவரில் மாட்டினார். பிறகு கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவர் ஏறும்போதும் இறங்கும்போதும் திறந்துவிட்டுப் பாதி சாத்தினார். மீதியைக் கதவு பார்த்துக்கொண்டது. வாங்கிய நாளிலிருந்து செலவே வைக்காமல் அந்தக் கார் முழுசாக ஒரு நாள் உழைத்தது அன்றைக்குத்தான்.

ஐந்து பேர் வருவதாக இருந்த இடத்தில் எட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள். சாயங்காலம் கடைசி ஆளை அனுப்பிவிட்டு, மனைவி ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அந்தத் தாளை உரித்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு வெற்றுச் சோதனைப் படிவம்.

“பொய்யாப்போன கையெழுத்து எனக்கு வேணாம். புதுசா ஒண்ணு போடுங்க.”

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ‘அதிகபட்சம் எத்தனை பேர்: நான்கு.’ ‘எத்தனை மாடி செல்லும்: எங்கும் செல்லாது.’ குறைகள் என்ற இடத்தில் நிதானமாக யோசித்தார். உட்கார்ந்திருக்கிற ஒன்றுக்கு டர்போ எதற்கு, டயர் எதற்கு? ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார், ஒன்றும் மிஞ்சவில்லை. ‘பயன்பாட்டுக்குத் தகுதியானதா?’ அந்த இடத்தில் ‘ஆம்’ என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாவம், ஆறு மாதமாக அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் அவரும் தவித்திருந்தார்.

மனைவி படித்தாள், சிரித்தாள். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போய், முன்கதவைத் திறந்து, அந்த மழை நாளில் விட்ட சாபத்தை மறந்து இருக்கையில் விழுந்தாள். பொத்தானை அழுத்தினாள். நாள் முழுக்க எட்டு முதுகை நிமிர்த்திய முதுகு சாய்ந்து கண்ணை மூடியது. ஆய்வாளர் அந்தப் பக்கமாகப் போய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு கதவும் தானாக மூடிக்கொண்டன.

“எங்க போகணும், சொல்லு” என்றார்.

“எங்கயும் வேணாம். இதுல இருக்கற ஒரே நல்ல விஷயம் அதுதான்.”

அப்போது காருக்கு அடியில் எங்கேயோ ‘டிர்ர்’ என்று ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்தது. பகலெல்லாம் சார்ஜரில் கிடந்த தெம்பு போலிருக்கிறது. கார் ஒரு பெருமூச்சு விட்டது. முன்பக்கம் அசைந்தது, பின்பக்கம் அசைந்தது, பிறகு இருவரையும் தூக்கிக்கொண்டு, ஒரு துளி தளும்பாமல், மெல்ல மேலே ஏறியது.

மகள் பென்சிலோடு சுவருக்கு ஓடினாள். “அப்பா! நாலு விரல் ஏறியிருக்கு! அம்மா, கார் சரியாயிடுச்சு, இப்ப ஓட்டலாம்!”

“யாராவது சாவியத் தொட்டீங்க, கைய ஒடிச்சுடுவேன்” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். “நாளைக்கு ஒம்போது பேர் வர்றாங்க. அந்தத் தட்டு லாரிக்காரருக்குப் போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லு.”

ஆய்வாளர் பாக்கெட்டிலிருந்து ரசமட்டத்தை எடுத்து டேஷ்போர்டின்மேல் வைத்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. நான்கு விரல் உயரம் மேலே போயிருக்கிறது. விடிவதற்குள் நான்கு விரல் கீழே இறங்கிவிடும். அவ்வளவுதான் பயணம். இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த பயணமும் அதுதான். மனைவியின் கை அவர் கைமேல் வந்து விழுந்தபோது, இதற்குமேல் ஒரு குதிரைச் சக்தியும் தனக்கு வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.